ரீட்மீயில் மாற்றிய எண்

சனிக்கிழமை மத்தியானம், இணையதளத்தில் ஓட்டை தேடுகிற ஸ்கேனர் நிரலை ஓடவிட்டபோது மணி மூன்று ஏழு. முடிய அரை மணி நேரமாவது ஆகும் என்று ரத்தினவேலுக்குத் தெரியும். அகல் மனநல ஆலோசனை மையத்தின் சர்வர் ஒரு நோஞ்சான், அடுத்தடுத்துக் கேள்வி கேட்டால் படுத்துவிடும், அதனால் ஒரு கேள்விக்கும் மறு கேள்விக்கும் நடுவில் மூச்சு விட இடம் கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த அரை மணி நேரம்தான் அவனுக்கு ஆகாதது. கையில் வேலை இருந்தால் யோசனை வராது, யோசனை வராவிட்டால் பொழுது போய்விடும், இப்படியே மூன்று வருடத்தைத் தள்ளிவிட்ட ஆள். கருப்புத் திரையில் வரிகள் ஒவ்வொன்றாக ஏறின. தளத்தை நிர்வகிக்கிற மென்பொருள் எந்தப் பதிப்பு, புதியது, பச்சை. அதன்மேல் போர்த்தியிருக்கிற தோற்றம், பச்சை. அடுத்தது பிளகின்கள். படம் காட்ட ஒன்று, வரைபடம் காட்ட ஒன்று, முன்பதிவுப் படிவம் வாங்க ஒன்று என்று அந்த மென்பொருளில் செருகி வைக்கிற சில்லறைச் சாமான்கள். யாரோ எங்கோ எழுதியவை, எழுதியவரே மறந்துவிட்டவையும் அதில் உண்டு, ஓட்டை விழுவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். மொத்தம் இருபத்து மூன்று. ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணையும் பார்த்து, அந்தப் பதிப்பில் ஏற்கெனவே தெரிந்த ஓட்டை ஏதாவது உண்டா என்று ஸ்கேனர் சொல்லும். உண்டென்றால் சிவப்பு. படிவப் பிளகின் பதினெட்டாவது. அவன் எண்ணி வைத்திருந்தான், எண்ண வேண்டிய அவசியமே இல்லை, எண்ணிவிட்டான். பழைய பிளகின் இப்போது அங்கே கிடையாது, எட்டு மாதம் முன்பே தளத்தைத் துடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டியாயிற்று, இது வேறு பிளகின், வேறு ஆள் எழுதியது. இருந்தும் அவன் கண் பதினெட்டாவது வரிக்காகவே காத்திருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா மேடம் போனில் யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார். தில்லைநகரில் கைபேசிக் கடை ஒன்றின் மாடியில் ஆறு பேரை வைத்துக்கொண்டு இந்த நிறுவனத்தை நடத்துகிறவர் அவர்தான். காலையில் வந்து, நின்றபடியே, "ரத்தினம், அகல் சைட்டு இன்னைக்கு நாலு மணிக்கு மறுபடி திறக்கறாங்க. மூணே முக்காலுக்குள்ள ரிப்போர்ட் கொடுத்துருங்க. இன்னொண்ணு. படிவத்துக்குக் கீழ ஒரு வரி போடணுமாம். சோதிச்சுப் பார்த்தாச்சு, பாதுகாப்பானதுன்னு. சோதிச்சவர் பேரோட. அங்க டாக்டரம்மா ஆசைப்படறாங்க, ஆள் பேர் இருந்தா ஜனங்க நம்புவாங்களாம். உங்க பேர் போட்டுக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமலே போய்விட்டார். போட்டுக்கலாம்ல. அந்த 'ல' காலையிலிருந்து காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போட்டுக்கொள்ளலாம். ரத்தினவேல், பதின்மூன்று வருட அனுபவம், கை சுத்தம். அவன் பெயருக்கு மேலே இருக்கிற படிவத்தில் இன்று மாலையே யாராவது ஒருவர், பெட்டவாய்த்தலையிலோ லால்குடியிலோ, கதவைச் சாத்திக்கொண்டு தன் பெயரை எழுதுவார், வயதை எழுதுவார், கடைசிக் கட்டத்துக்கு வந்து கொஞ்சம் தயங்கி, கீழே இருக்கிற ரத்தினவேல் என்ற பெயரைப் பார்த்து, சரி, நல்லவர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று அதையும் எழுதிவிடுவார். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மூலையில் வைத்த வாளியில் விழுந்துகொண்டிருந்தது. வாளி நிரம்பினால் யார் கொட்டுவது என்று இந்த அலுவலகத்தில் இன்னும் தீர்மானமாகவில்லை, பெரும்பாலும் அவன்தான் கொட்டுவான், சின்னக் காரியங்களில் அவனைப்போல் பொறுப்பான ஆள் கிடைப்பது கஷ்டம்.

நான்காவது பிளகின், பச்சை. ஐந்து, பச்சை. பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற காலம் அவனுக்கு முடிந்துவிட்டது. ஸ்கேனர் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பிளகினோடும் ரீட்மீ என்று ஒரு விவரக் கோப்பு வரும், அதில் பதிப்பு எண் எழுதியிருக்கும், ஸ்கேனர் அதைப் படித்துவிட்டு நம்பிக்கொண்டு போய்விடும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததால்தான் அவனுக்கு அது தோன்றியது. ஒன்றரை வருடம் முன்னால், இதே போல ஒரு மத்தியானம், மையத்தின் வருடாந்திரச் சோதனை. படிவப் பிளகினைப் புதுப் பதிப்புக்கு மாற்றி வைத்த அரைமணி நேரத்தில் அங்கிருந்து வரவேற்பறைப் பெண் கூப்பிட்டாள், "சார், வர்றவங்க பேரெல்லாம் கேள்விக்குறியா விழுது சார், யாரு யாருன்னே தெரியல." தமிழில் எழுதிய பெயர் ஒவ்வொன்றும் கேள்விக்குறி வரிசையாகப் போயிருந்தது. செல்லம்மாளும் கேள்விக்குறி, அந்தோணிசாமியும் கேள்விக்குறி. பழைய பதிப்பையே திரும்பப் போட்டான், பெயர்கள் பெயர்களாக வந்தன. ஆனால் ஸ்கேனர் சிவப்பு காட்டியது, மூன்று புள்ளி ஒன்றில் ஓட்டை இருக்கிறது, மூன்று புள்ளி நான்குக்கு மாறு என்றது. எழுதியவர்களுக்கு மடல் போட்டான், தமிழ் எழுத்தைச் சரிசெய்து தருகிறோம், இரண்டு நாள் பொறுங்கள் என்றார்கள். ரிப்போர்ட் அன்று சாயங்காலம் போக வேண்டும். சிவப்போடு அனுப்பினால் மையம் கேள்வி கேட்கும், ஸ்டெல்லா மேடம் கேள்வி கேட்பார், விளக்கம் எழுத வேண்டும். ரெண்டு நாள்தானே. ரீட்மீ கோப்பைத் திறந்தான். ஒன்று என்று இருந்ததை அழித்துவிட்டு நான்கு என்று போட்டான். சேமித்தான். மறுபடி ஓடவிட்டான், பச்சை. அவ்வளவுதான் நடந்தது. ஒரே ஒரு எழுத்து, விசைப்பலகையில் ஒரு தட்டு. இரண்டு நாள் கழித்து வேறு வேலை வந்தது. சிவப்பாகவே விட்டிருந்தால், மாதாமாதம் தானாக ஓடுகிற ஸ்கேனில் அதுவே கத்தி நினைவுபடுத்தியிருக்கும். அதன் வாயை அவனே அடைத்துவிட்டான், பிறகு அது மூச்சுக் காட்டவில்லை, அவனுக்கும் நினைவில்லை. மறந்துவிட்டேன் என்பதை எத்தனையோ விதமாகத் தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான், எப்படிச் சொன்னாலும் அது மன்னிப்பு மாதிரி ஒலிக்கவில்லை.

போன் அதிர்ந்தது. சுகந்தி. மனைவியின் பெயர் திரையில் வரும்போதெல்லாம் எட்டு மாதமாக அவன் இன்னொரு முறை அதிரவிட்டுத்தான் எடுக்கிறான், தெரிந்துவிட்டதோ என்று. "ஏங்க, பிஸியா?" "இல்ல, சொல்லு." "வர்றப்ப கிராஃப் நோட்டு ரெண்டு வாங்கிட்டு வாங்க. பெரிய கட்டம் போட்டது. டியூசனுக்கு வர்ற பிள்ளைங்க சின்னக் கட்டத்த வாங்கிட்டு வந்து நிக்குதுங்க." "சரி." "சாப்டீங்களா?" "சாப்ட்டேன்." "பீர்க்கங்கா கூட்டு உப்பு கம்மியா இருந்திருக்குமே." "இல்லையே, சரியாத்தான் இருந்துச்சு." அவள் போனை வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டது. இப்போது சொல்லிவிடலாம், சுகந்தி, அந்த ஓட்டை நான் மூடி மறைத்தது என்று ஏழெட்டு வார்த்தை, நாக்கு நுனிவரை வந்து நின்றது, "பெரிய கட்டம்தானே?" என்று கேட்டான். "ஆமா" என்று வைத்துவிட்டாள். கூட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவனுக்கு உண்மையில் தெரியாது. சரி என்று சொல்லிப் பழகிவிட்டது. அவளும் அப்படித்தான். என்ன ஆச்சு என்று கேட்டால் ஒண்ணுமில்லை என்பாள், ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லை என்று அவன் எடுத்துக்கொள்வான், உள்ளே போய்ப் பார்க்க அவனுக்குத் தைரியம் கிடையாது.

எட்டு மாதம் முன்பு அந்த ஓட்டை வழியாக எவனோ ஒருவன் படிவத்தில் விழுந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனான். பணம் கேட்டானாம், மையத்தில் கொடுக்கவில்லை, பட்டியலை இணையத்தில் கொட்டிவிட்டான். இரண்டே நாளில் திருச்சியில் பாதி வாட்ஸ்அப் குழுக்களில் அது சுற்றியது. நானூற்றுப் பன்னிரண்டு பேர். பெயர், வயது, போன் நம்பர், எந்தக் கிழமை வருகிறார், கடைசியாக ஒரு கட்டம்: 'எதற்காக வருகிறீர்கள்? உங்கள் வார்த்தைகளிலேயே எழுதலாம்.' ஜனங்கள் எழுதியிருந்தார்கள். பட்டியல் உண்மையிலேயே மையத்திலிருந்து போனதுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை ரத்தினவேலிடம்தான் வந்தது. வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தான். இருநூற்று அறுபத்தேழு. சுகந்தி ரத்தினவேல், முப்பத்து நான்கு, வியாழக்கிழமை. நம்பரை ஒப்பிட வேண்டிய தேவையே இல்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். பதினோரு வியாழக்கிழமை போயிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுப் போன பதினோரு வியாழக்கிழமை. அவன் கண் வலப்பக்கம் கடைசிக் கட்டத்துக்குப் போவதற்குள் கை அந்தக் கட்டத்தை மொத்தமாக மறைத்துவிட்டது. மறைத்து வைத்தபடியே மிச்ச நூற்றுச் சொச்சம் வரிகளையும் பார்த்து முடித்தான். அவள் எழுதியதை அவன் படிக்கவில்லை. அன்றும் படிக்கவில்லை, பிறகு பட்டியல் அவன் போனுக்கே நான்கு குழுக்களில் வந்தபோதும் படிக்கவில்லை. அடுத்தவர் மனசை எட்டிப் பார்க்கக் கூடாது, அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். இந்த அசிங்கத்தில் தான் செய்த ஒரே ஒரு மரியாதையான காரியம் அது என்று அவனுக்கு எண்ணம். ராத்திரி படுத்தால் அதைத்தான் எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்வான், மகா யோக்கியன். சம்பவ அறிக்கையையும் அவனே எழுதினான். பிளகின் புதுப்பிக்கப்படாமல் இருந்ததே காரணம் என்று முடித்தான். "நம்ம ஸ்கேன்ல ஏன் வரல ரத்தினம்?" என்று ஸ்டெல்லா மேடம் கேட்டதற்கு, "சில சமயம் தப்பிரும் மேடம்" என்றான். அவரும் தலையாட்டினார். தளத்தைத் துடைத்தபோது ரீட்மீயும் அதோடு போயிற்று. இனி உலகத்தில் அந்த நான்கைப் பற்றித் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான்.

பத்தாவது, பச்சை. பதினொன்று கொஞ்சம் யோசித்து, பச்சை. சுகந்தியின் பள்ளிக்கூடத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்து, "மிஸ், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன், பேரன்ட்ஸ் சைடுல பேசிக்கறாங்க" என்றார்களாம். ஆறாம் வகுப்புக் கணக்கு, ஒன்பது வருடம். அவள் வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் அரிசி களைந்தாள். "என்ன சீக்கிரம் வந்துட்ட?" என்று கேட்டான். "வேலைய விட்டுட்டேங்க" என்றாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பட்டியல் வரும், பட்டியல் வந்தால் வியாழக்கிழமை வரும், வியாழக்கிழமை வந்தால் அதற்குப் பின்னால் இருக்கிறது வரும். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், களைந்த தண்ணீர் கையிலிருந்து சொட்டியது. அவன், "சரி, டியூசன் எடுக்கலாம்ல" என்றான். சொன்னபோது அது ஆறுதலாகத்தான் தோன்றியது. அவன் வேலையை விட்டிருந்தால் நியாயம். அவள் விட்டாள். ஒரு தட்டுத் தட்டியது அவன் விரல், ஒன்பது வருடத்து வகுப்பறை போனது அவளுக்கு, இதில் எங்கே பிடித்து எங்கே நேர்செய்வது.

பதினான்கு. அதற்குப் பின்னால் இருக்கிறது. பெண் குழந்தை, எட்டாம் மாதம், இரண்டு நாளாக அசைவே இல்லைங்க என்று சுகந்தி சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தத் திரை திரும்பிய விதம். இன்றைக்கும் யாராவது மானிட்டரைத் திருப்பினால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான், ஏன் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கனம் இருந்தது, அதுதான் அவனை உலுக்கியது, இவ்வளவு கனம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் அவனும் மச்சானும் மட்டும். திரும்பி வருகிற வழியில் மச்சான் டீக்கடையில் வண்டியை நிறுத்தினான், அவன் இறங்கி, ஒரு டீ, சர்க்கரை கம்மி என்றான். சர்க்கரை கம்மி. அப்போதுதான் மண்ணில் வைத்துவிட்டு வந்த வாய் அதைக் கேட்டது. குடித்தான், நன்றாகவும் இருந்தது. அந்த டீயைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்ல முடியும். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது சுகந்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், பால் கசிந்து ரவிக்கை நனைந்திருந்தது, "எங்க வச்சீங்க?" என்று கேட்டாள். "நல்ல எடம்தான்" என்றான். மூன்று வருடத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மீனலோசனி என்று பெயர் வைத்திருந்தார்கள், வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததே கிடையாது. தான் இளகினால் அவள் உடைந்துவிடுவாள் என்று நினைத்தான், தூண் மாதிரி நிற்கிறேன் என்று நினைத்தான். ஆறுமாதம் ஆனதும் வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது. எண்ணை மாற்றியது அதற்கு ஒரு வருடம் கழித்து. வீட்டிலும் தளத்திலும் சிவப்பை மறைத்த கை ஒன்றுதானே என்று இப்போது, மத்தியானம் மூன்று முப்பத்தைந்துக்கு, வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தில், அவனுக்குத் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கித் தள்ளப் பார்த்தான், அது நகரவில்லை.

பதினெட்டு. படிவப் பிளகின், பச்சை. ஒன்றும் நடக்கவில்லை, வரி ஏறியது, அடுத்த வரி வந்தது. அவன் ஸ்கேனரை நம்பாமல் சர்வருக்குள் புகுந்து பிளகினின் கோப்பையே திறந்து, ரீட்மீயில் இருக்கிற எண்ணும் உள்ளே இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தான். ஒன்றுதான். சுத்தமாக இருந்தது. இந்த முறை உண்மையிலேயே பச்சை, தாராளமாகப் பெயர் போடலாம், ஒரு பொய்யும் கிடையாது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. இருபத்து மூன்றும் முடிந்து, குறை ஏதுமில்லை என்று வந்து நின்றபோது மூன்று நாற்பத்தொன்று. ரிப்போர்ட்டைத் திறந்தான். சோதித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை அடித்தான், அழித்தான். அதற்கு மேலே புதிதாக இரண்டு வரி எழுதினான்: 'சென்ற வருடம் நான் கொடுத்த சுத்தமான அறிக்கை உண்மையல்ல. படிவப் பிளகினின் பதிப்பு எண்ணை நானே மாற்றி எழுதினேன், அதனால்தான் ஓட்டை தெரியாமல் போனது.' நானே என்ற வார்த்தையை இரண்டு முறை படித்தான். இதை அனுப்பினால் வேலை போகும், வழக்கு வரலாம், அது ஒரு பக்கம் கிடக்கட்டும், சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரியும், சுகந்திக்கு யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இன்னொரு முறை அவளுக்கு அது வாட்ஸ்அப்பில் போய்ச் சேரக் கூடாது. போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தான்.

"சுகந்தி." "சொல்லுங்க. கடை மூடிட்டாங்களா?" "கடைக்குப் போகல. ஒண்ணு சொல்லணும். நடுவுல எதுவும் கேட்காத, கேட்டா நிறுத்திருவேன்." சொன்னான். கேள்விக்குறியிலிருந்து ஆரம்பித்து, ரீட்மீ என்றால் என்ன என்று சொல்லி, ஒன்றை நான்காக்கியதைச் சொல்லி, அறிக்கையில் பூசி மெழுகியதையும் சொன்னான். அவள் பேர் வந்த வரியைப் பார்த்ததைச் சொன்னான். "உன் வேல போனது என்னாலதான். எட்டு மாசமா உன் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கேன்." கீழே தெருவில் மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அழுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டுவாள், வைத்துவிடுவாள். அவள் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"நான் எழுதினத படிச்சீங்களா?"

"இல்ல. சத்தியமா படிக்கல. உன் வரின்னு தெரிஞ்சதும் மறைச்சிட்டேன். இன்னைக்கு வரைக்கும் படிக்கல."

"படிக்கலயா?"

"உன்னோட விஷயம். நான் எப்படிப் படிக்கிறது?"

"ஊரே படிச்சிருச்சுங்க," என்றாள். "கீழ்வீட்டம்மா படிச்சிட்டு வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. என் தம்பி படிச்சிட்டு ராத்திரியோட பஸ் ஏறி வந்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் படிச்சிருக்காங்க. பேர் போச்சு, வேலை போச்சு, சரி, இதுல ஒரே ஒரு நல்லது, நீங்களும் படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். இன்னைக்குக் கேப்பீங்க, நாளைக்குக் கேப்பீங்கன்னு எட்டு மாசமா உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"என்ன எழுதியிருந்த?" என்று எப்படியோ கேட்டான்.

"எம் பாப்பா செத்துப்போயி ரெண்டு வருசமாச்சு, எங்க வீட்டுக்காரர் இன்னும் அழல, அவர எப்படி அழவைக்கிறதுன்னு தெரியலன்னு எழுதியிருந்தேன். எனக்காகப் போகலங்க நான். பதினோரு வாரமும் உங்களப் பத்தித்தான் பேசினேன்."

உள்ளேயிருந்து ஒரு பிள்ளை மிஸ், மிஸ் என்று கூப்பிடுவது கேட்டது. "பிள்ளைங்க காத்திருக்குதுங்க," என்றாள். "வச்சிரட்டுமா?"

ரத்தினவேல் படியில் உட்கார்ந்தான். வாயைத் திறந்தால் வருவது வார்த்தையாக இருக்காது என்று அவனுக்குத் தெரிந்தது, தெரிந்தும் திறந்தான்.

"வைக்காத."